மூலையில் நிற்பது

அது அங்கேதான் நிற்கிறது. சுகந்தி இன்னும் அதன் நேர்கோட்டுக்குள் கால் வைக்கவில்லை, அதனால் நிற்கிறது. டிவியின் மேல்மூலையில், கல்லில் குடைந்த ஒரு மாடத்துக்குள், ஆட்டுக்கல்லைச் சதுரமாகச் செதுக்கி நாலு பக்கமும் ஆணி அடித்தது போல ஒரு உருவம். கண் கிடையாது, வாய் கிடையாது, ஆனாலும் பார்க்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் மூச்சை விடாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீலச் சால்வை போர்த்திய பெண் கையில் விளக்கோடு கூடத்தின் இந்தப் பக்கம் நிற்கிறாள். அவள் அந்தப் பக்கம் போயாக வேண்டும், போக விடுவதும் விடாததும் சுகந்தியின் இடது கட்டைவிரலில் இருக்கிறது. அந்த விரல் போன மாதம் வரை விரலே இல்லை, கையோடு சேர்ந்து தொங்கிய ஏதோ ஒன்று, நான் எண்ணெய் தடவி மடக்கிவிட்டால் மடங்கும், விட்டால் அப்படியே கிடக்கும். இப்போது அது பொத்தானின் மேல் நடுங்குகிறது. நடுங்குவது நல்லது என்றார் உடற்பயிற்சி சொல்லித்தர வருகிற ஜெபசிங். நடுங்குது சார், அப்படின்னா கேக்குதுன்னு அர்த்தம், பந்தைப் பிசையச் சொன்னா அம்மா பத்து நிமிஷத்துல தூக்கிப் போட்டுடறாங்க, இந்த கேம்னா ஒரு மணி நேரம் விட மாட்டேங்கறாங்க, விளையாடட்டும் விடுங்க. மகன் புனேக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன கேம் பெட்டி. ஐம்பத்து மூணு வயதில் என் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் உட்கார்ந்து டிவியில் இருக்கிற கோட்டைக்குள் போகிறாள். விரல் அசைகிறது. பெண் ஓர் அடி வைக்கிறாள், கோட்டுக்குள் வந்துவிட்டாள், வந்துவிட்டாள், "பார்த்து!" என்கிறேன், என் வாய் என்னைக் கேட்பதில்லை, மாடத்திலிருந்து அது பாய்ந்து வருகிறது, இரும்பைத் தரையில் இழுக்கிற சத்தம், விளக்கு அணைகிறது. சுகந்தி என் பக்கம் திரும்பாமலே சொல்கிறாள்: "உங்க தம்பி வந்துட்டாருங்க."

எனக்குத் தம்பி இல்லை. அண்ணனும் இல்லை, ஒரே ஒரு அக்கா, காங்கேயத்தில். இந்த உருவத்துக்கு மகன் வைத்த பெயர் ஸ்லாமர், விளையாட்டில் உள்ள பெயரே அதுவா இல்லை அவனாக வைத்ததா என்று தெரியவில்லை. சுகந்திக்கு முதல் நாளிலிருந்தே அது உங்க தம்பிதான். குட்டையாக, அகலமாக இருக்கிறது, நானும் அப்படித்தான், அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். சிரித்தேனே தவிர ஏதோ உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. "நீங்க பார்த்துன்னு சொன்னீங்கன்னா என் கை உங்களைத்தான் பார்க்குது, அவரை எங்க பார்க்கறது?" என்கிறாள். சரி, இனிப் பேசவில்லை. "இதையேதான் காலையிலயும் சொன்னீங்க." பேசவில்லை என்றேனே. "பேசாட்டியும் மூச்சு விடுற சத்தம் கேக்குதுங்களே, காஸ் லீக் ஆகுற மாதிரி." நான் மூச்சையும் சத்தமில்லாமல் விடப் பார்க்கிறேன். பெண் மறுபடி கூடத்தின் வாசலில் நிற்கிறாள், விளக்கு மறுபடி எரிகிறது. விளையாட்டில் இது ஒரு சௌகரியம், அணைந்தது எரியும். சுகந்தி தினமும் இரண்டு வேளை ரத்தத்தைத் தண்ணீராக்கும் மாத்திரை சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் விழக் கூடாது, விழுந்து தலையில் அடிபட்டால் உள்ளே கசிகிற ரத்தம் லேசில் நிற்காது, டாக்டர் இதைச் சொன்னபோது ஒரு பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தம்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. டிக் டிக். மூளையில் இன்னொரு ரத்தக்கட்டி வருமா டாக்டர் என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம். டிக்.

இருபத்தேழு வருஷமாக நான் பவுண்டரியில் சேஃப்டி ஆபீசர். பம்ப்செட்டுக்கு வார்ப்பு ஊற்றுகிற இடம். காலையில் உள்ளே நுழைந்தால் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும், மஞ்சள் கோடு அழிந்திருக்கிறதா, எவனாவது கோட்டைத் தாண்டிச் சைக்கிளை நிறுத்தியிருக்கிறானா. கோட்டுக்கு அந்தப் பக்கம் உருகின இரும்பைச் சுமந்துகொண்டு தொட்டி மேலே தண்டவாளத்தில் போகும். அதற்கு யார்மேலும் கோபம் கிடையாது. புதிதாகச் சேர்கிற பசங்களுக்கு நான் எடுக்கிற பாடமே அதுதான், தம்பிகளா, எதிரின்னா வேற, ஆபத்துன்னா வேற, எதிரிக்கு உன்னைத் தெரியும், உன் பேர் தெரியும், நீ கெஞ்சினா ஒருவேளை விட்டுடுவான், ஆபத்துக்கு நீ யாருன்னே தெரியாது, நீ கோட்டுல நின்னா வரும், நிக்காட்டி வராது, அதனால அதைத் திட்டாதே, கும்பிடாதே, கோட்டை மட்டும் பாரு. எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது, தெரிந்தும் தப்புச் செய்திருக்கிறார்கள். அதில் எதிரிகளின் படத்தொகுப்பு ஒன்று உண்டு, சுகந்தி தூங்கும்போது நான் எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு பூதத்துக்கும் பக்கத்தில் உயிர் இவ்வளவு, பலவீனம் இன்னது என்று போட்டிருக்கிறது, நெருப்புக்குப் பயப்படும் சிலந்தி, மணிச் சத்தம் கேட்டால் கல்லாகும் காவலாளி. இதையும் அந்த வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் உயிர் என்ற இடத்தில் ஒரு கோடு. பலவீனம் என்ற இடத்தில் இன்னொரு கோடு. உயிரே இல்லாததை எப்படி எதிரி என்று சேர்த்தார்கள்? வாளால் வெட்டினால் பொறி பறக்கிறது, டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மகனிடம் கேட்டேன். அந்தத் தொடரில் ஏழு விளையாட்டு வந்திருக்கிறதாம், ஏழிலும் ராஜா மாறிவிட்டான், அரக்கன் மாறிவிட்டான், இளவரசி கிழவியாகிச் செத்து அவள் பேத்தி வந்துவிட்டாள், "அது மட்டும் எல்லாத்துலயும் இருக்கும்ப்பா, முதல் பாகத்துல வெறும் சாம்பல் கலர் கட்டம், இப்பத்தான் துருவெல்லாம் வரைஞ்சு அழகா வெச்சிருக்காங்க." அழகா என்றான். அம்மா எப்படி இருக்காங்க என்று அதற்குப் பிறகுதான் கேட்டான், தப்பில்லை, கேட்கப் பயந்துகொண்டு முதலில் இதைப் பேசியிருப்பான், நானும் அப்படித்தானே எதையோ கேட்கப் பயந்துகொண்டு இதைக் கேட்டேன்.

நாளைக்கு நான் வேலைக்குப் போக வேண்டும். இருந்த லீவு எல்லாம் தீர்ந்துவிட்டது. எட்டரைக்குக் கிளம்பினால் ஆறரைக்குத்தான் வருவேன், நடுவில் இந்த வீட்டில் சுகந்தி, இந்தச் சோபா, இந்தத் தரை. பாத்ரூம் வரைக்கும் எத்தனை ஆபத்து இருக்கிறது என்று நான் பார்த்து வைத்திருக்கிறேன், கதவின் நிலை, மிதியடியின் ஓரம், வாளியின் கைப்பிடி. ஆளனுப்பும் ஏஜென்சியில் ஒரு அம்மாவிடம் பேசிவிட்டேன். பகல் முழுக்க ஒரு பெண் கூடவே இருப்பாள், கையைப் பிடித்து நடத்துவாள், உட்கார வைப்பாள். சாயங்காலத்துக்குள்ள கூப்பிடறேன், சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார், காலையில ஆள் வந்து நிக்கும் என்றார். சுகந்தி காலையிலிருந்து என்னோடு சரியாகப் பேசவில்லை. "என்னைப் பார்த்துக்க ஆளா? நான் என்ன பால்குடி மாறாத பிள்ளைங்களா?" விழுந்துட்டீன்னா? "இது வரைக்கும் நான் எங்கீங்க விழுந்தேன்?" விழாம நான் பிடிச்சேனே, முந்தாநாள் சமையல்கட்டு வாசல்ல, அதுக்கு முன்னாடி கட்டில் பக்கத்துல, எத்தனை தடவை. "நீங்க பிடிச்சீங்க, அது வாஸ்தவம். நான் விழுந்தேன்னு யாருங்க சொன்னது?" காலையிலிருந்து அதையே யோசிக்கிறேன். பவுண்டரி வாசலில் ஒரு பலகை உண்டு, விபத்தில்லாமல் போன நாட்களின் எண்ணிக்கையைத் தினமும் மாற்றி எழுதுவோம். என் தலைக்குள்ளும் ஒன்று மாட்டியிருக்கிறேன், ராத்திரி படுக்கப் போகும்போது அதில் ஒன்றைக் கூட்டிக்கொள்வேன், இன்றைக்கும் விழவில்லை, நான் விழ விடவில்லை. விழாமல் போனது என்னாலா? நான் பிடித்தபோதெல்லாம் அவள் விழுந்துகொண்டிருந்தாளா, இல்லை நடந்துகொண்டிருந்தாளா? வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று மாதிரித்தான் இருக்கும். கால் தூக்குவது என்றாலே ஒரு பக்கம் சாய்வதுதானே. நான் பிடித்துவிட்டதால் அந்த அடி என்னவாக ஆகியிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியாது. முந்தாநாள் நான் பிடித்தபோது அவள் உடம்பு முழுக்கத் தூக்கிப்போட்டது, பின்னாலிருந்து யாரோ வந்து விழுந்தது மாதிரி. விழப் போன பயம் என்று நினைத்தேன். எதைக் கண்ட பயம்? வேண்டாம். இதை இப்போது நினைக்க வேண்டாம். திரையைப் பார்.

செல்போன் எங்கே? பையில் இல்லை. மேஜை மேல் இல்லை. பால்கனியில், துணி காயப் போட்டபோது முக்காலி மேல் வைத்தது, அங்கேயே இருக்கிறது, இங்கிருந்து கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறது. போய் எடுத்து வந்துவிடலாம். எடுக்கப் போனால் சோபாவுக்கு முதுகு காட்ட வேண்டும். அந்த நேரத்தில் அவள் எழுந்தாள் என்றால்? நான் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலி சும்மா போட்டதில்லை, சாப்பாட்டு மேஜையை நகர்த்திவிட்டு இந்த மூலையை யோசித்துப் பிடித்தேன், இங்கிருந்து சோபா நேர்கோட்டில் இருக்கிறது, பாத்ரூம் கதவு நேர்கோட்டில் இருக்கிறது, சமையல்கட்டும் பால்கனியும் தெரிகிறது, அவள் எந்தப் பக்கம் கால் எடுத்தாலும் குறுக்கே ஒரு தடையும் இல்லாமல் நான் போய்விடலாம். தரையிலும் கோடு போட்டேன். பவுண்டரி ஸ்டோரில் மிச்சமிருந்த மஞ்சள் டேப், சோபாவிலிருந்து பாத்ரூம் வரை இரண்டு கோடு, அதற்குள்ளேதான் நடக்க வேண்டும். பால்கனிக் கதவுக்கு முன்னால் குறுக்கே ஒரு கோடு, அங்கே தரை அரையடி இறங்குகிறது, தாண்டக் கூடாது. டைல்ஸ் தரையில் டேப் ஒட்டினவனை உலகத்தில் எந்தப் பெண்டாட்டியும் சும்மா விட மாட்டாள். "வீட்டுக்குள்ள லாரி விடப் போறீங்களா?" என்று கேட்டாள். துடைக்கிற தண்ணீர் பட்டுப் பட்டு பால்கனிக் கோட்டின் ஒரு ஓரம் கிளம்பிவிட்டது, காலையில் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினேன், மறுபடி கிளம்பியிருக்கும். அவள் இடது காலைத் தூக்குவதில்லை, இழுக்கிறாள். கிளம்பின ஓரம். இழுக்கிற கால். இதை நான் ஏன் காலையில் பார்க்கவில்லை? பார்த்தேன், பார்த்துத்தானே அழுத்தினேன், பிய்த்து எறியத் தோன்றவில்லை, கோடு இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

பெண் கோட்டுக்குள் ஒரு கால் வைக்கிறாள். என் தொடை நாற்காலியிலிருந்து எழும்புகிறது. அது பாய்கிறது, இரும்புச் சத்தம், ஆனால் பெண் அங்கே இல்லை, பின்னால் வந்துவிட்டாள், விரல் அவளைப் பின்னால் இழுத்துவிட்டது, அந்த விரல்! அது வெறும் சுவரில் மோதி நிற்கிறது. பிறகு மெதுவாகத் திரும்பிப் போகிறது. பாய்ந்த வேகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, முட்டி வலிக்கிற கிழவன் போலத் தரையைத் தேய்த்துக்கொண்டு தன் மாடத்துக்குத் திரும்புகிறது. சுகந்தி மறுபடி கால் வைக்கிறாள், மறுபடி எடுக்கிறாள், அது பாய்கிறது, மோதுகிறது, திரும்புகிறது. மறுபடி. என்ன செய்கிறாள்? ஏன் விளையாடுகிறாள் அதோடு? போதும், ஒரு தரம் தப்பியது போதாதா, ஒவ்வொரு தடவையும் அவளுக்குப் பக்கவாதம் வந்த நாள்தான் என் கண்முன் நிற்கிறது, அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கத்தி கீழே விழுந்தது, என்னைப் பார்த்துச் சிரித்தாள், பாதி முகம்தான் சிரித்தது, மறு பாதி அப்படியே இருந்தது, நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், மூன்றடி தூரத்தில், எவ்வளவு கிட்டத்தில், அது வந்தபோது நான் பார்க்கவே இல்லை, கோடு எங்கே இருந்தது, யார் அதில் கால் வைத்தது, அவரைக்காய் நறுக்குவதில் என்ன கோடு இருக்கிறது. அன்றைக்குப் பிடிக்கவில்லை, அதனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பிடிக்கிறேன். "பார்த்தீங்களா," என்கிறாள், குரலில் காலையிலிருந்து இல்லாத ஒரு உற்சாகம். "வர்றப்பத்தான் வேகம். போறப்ப மெதுவாத்தான் போறாரு. போறப்ப நம்மளைப் பார்க்கறதே இல்லீங்க, மூஞ்சிக்கு நேரா நின்னாலும் ஒண்ணும் பண்ண மாட்டீங்கறாரு." பேசக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். பெண் மறுபடி கால் வைத்து எடுக்கிறாள், அது பாய்ந்து மோதித் திரும்புகிறது, அது திரும்பிக்கொண்டிருக்கும்போதே, அதன் முதுகுக்குப் பின்னால், முதுகு என்று ஒன்று அதற்கு இருக்குமானால், நீலச் சால்வை கூடத்தைக் கடக்கிறது, அவசரமில்லாமல், விளக்கு ஆடாமல், அந்தப் பக்கத்துக் கதவுக்குள் போய்விடுகிறது. அது மாடத்துக்குப் போய்ச் சேர்ந்து பழையபடி நிற்கிறது. அதற்குத் தோற்ற மாதிரியும் தெரியவில்லை.

கைதட்டலாமா என்று யோசிக்கிறேன். அதற்குள் அவள் விளையாட்டை நிறுத்திப் பொத்தான் கருவியைப் பக்கத்தில் வைத்துவிட்டாள். அடுத்த கூடத்தில் நான்கு மூலையிலும் நான்கு நிற்கிறதாம், அப்புறம் பார்த்துக்கலாம் என்கிறாள். வலது கையைச் சோபாவின் கைப்பிடியில் ஊன்றுகிறாள். உடம்பு முன்னால் வருகிறது. எழப் போகிறாள், ஊன்றுகோல் இல்லாமல், என்னைக் கூப்பிடாமல், எழப் போகிறாள், நான் எழுந்ததே எனக்குத் தெரியவில்லை, நாற்காலி பின்னால் சுவரில் இடிக்கிறது, நான் சோபாவின் பக்கத்தில் நிற்கிறேன், என் கை அவள் முழங்கைக்குக் கீழே இருக்கிறது. அவள் எழவில்லை. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். "முதுகுக்குத் தலகாணியச் சரி பண்ணினேனுங்க. அதுக்குள்ள என்ன?" ஒண்ணுமில்லை. எழப் போறியோன்னு. "போய் உட்காருங்க." தண்ணி வேணுமா? "வேண்டாமுங்க. போய் உட்காருங்க, முட்டி வலிக்கப் போகுது." வலிக்கிறது. வரும்போது தெரியவில்லை, இப்போது வலது முட்டி கொக்கி போட்டது மாதிரி பிடிக்கிறது. திரும்புகிறேன். மூலை ரொம்ப தூரத்தில் இருக்கிறது, நாற்காலி சுவரைப் பார்த்துக் கோணலாகக் கிடக்கிறது, காலைத் தேய்த்துக்கொண்டு மெதுவாக நடக்கிறேன், ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு.

பின்னால் சோபாவின் ஸ்பிரிங் கிறீச்சிடுகிறது. ஒரு முழு உடம்பின் கனம் விட்டுப்போகிற சத்தம் அது, எனக்குத் தெரியும். பிறகு ஒரு கால் பதிகிறது, பிறகு சர்ர் என்று ஒரு கால் இழுபடுகிறது. மறுபடி பதிகிறது. மறுபடி சர்ர். என் முதுகு முழுக்கக் காதாகிவிட்டது. சோபாவைத் தாண்டிவிட்டாள், என் பக்கம் இல்லை, பாத்ரூம் பக்கம் இல்லை, பால்கனிப் பக்கம் போகிறாள். திரும்பு. திரும்பிப் பாய்ந்தால் நாலு எட்டு. போறப்ப மெதுவாத்தான் போறாரு. போறப்ப நம்மளைப் பார்க்கறதே இல்லீங்க. தலையணையைச் சரி செய்யவில்லை அவள், கால் வைத்து எடுத்தாள், என்னைப் பாய வைத்து எடுத்தாள், நாலு தடவை அதில் ஒத்திகை பார்த்துவிட்டு ஐந்தாவதாக என்னிடம் செய்தாள், எத்தனை நாளாக இந்த மூலையைப் பார்த்துக்கொண்டே உங்க தம்பி உங்க தம்பி என்று, குட்டையாக இருப்பதற்காகச் சொல்லவில்லை, சிரித்து வைத்தேனே நான், முட்டாள், சிரித்து வைத்தேன். சர்ர். அவள் விழுந்தால்? ரத்தம் தண்ணீர் மாதிரி இருக்கிறது, கதவின் ஓரம் அலுமினியம், கூர், நான் திரும்பியாக வேண்டும். திரும்பினால் அவள் தூக்கிப்போட்டு நிற்பாள், முந்தாநாள் மாதிரி, ஒற்றைக் காலில் இருக்கிற நேரத்தில் தூக்கிப்போடும். எது ஆபத்து இங்கே, தரையா, நானா? மேஜையின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அந்த உருவத்திடம் ஒரே ஒரு நல்ல குணம்தான் உண்டு, திரும்பும்போது பாயாது. ஏழு விளையாட்டிலும் பாய்ந்ததில்லை. அது ஒரு தடவை விதியை மீறினால்கூட யாரும் அந்தக் கூடத்தைக் கடக்க முடியாது. நான் ஓர் எட்டு வைக்கிறேன், சுவரை நோக்கி. சர்ர், அவளும் ஓர் எட்டு. இன்னோர் எட்டு வைக்கிறேன். இப்படி இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் நடந்துகொண்டிருக்கும்போது பால்கனியில் செல்போன் அடிக்கிறது.

சத்தம் நின்றுவிட்டது. காலின் சத்தம். செல்போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, முக்காலியின் தகரம் அதிர்கிறது, அந்த அம்மாதான், சரின்னு ஒரு வார்த்தை சார். சுகந்தி ஏன் நின்றுவிட்டாள்? பயந்துவிட்டாளா, தலை சுற்றுகிறதா, பிடித்துக்கொள்ள அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது, சோபாவும் எட்டாது, கதவும் எட்டாது, விடு, நான் எடுக்கிறேன், அங்கேயே நில்லு, வாய் வரை வந்துவிட்டது, பல்லைக் கடிக்கிறேன், பல்லுக்குப் பின்னால் பார்த்து பார்த்து பார்த்து என்று அது முட்டுகிறது. டேப். டேப்புக்கு முன்னால்தான் நிற்கிறாள். தாண்டக் கூடாது என்று நானே போட்ட கோடு, கிளம்பின ஓரம், அவள் காலைத் தூக்க மாட்டாள், இழுப்பாள், இழுத்தால் மாட்டும், எனக்குத் தெரிந்து இந்த வீட்டில் அவள் விழுவதற்கு என்று ஒரே ஒரு பொருள் இருக்கிறது, அதை நான் ஒட்டினேன். சுவரில் காலண்டர் தொங்குகிறது. அதைப் பார்க்கிறேன். ஒரு சாமி படம், என்ன சாமி என்று தெரியவில்லை, கும்பிடாதே என்றுதானே பசங்களுக்குச் சொல்வேன், கோட்டை மட்டும் பாரு என்பேன், எனக்கு இப்போது கோட்டைப் பார்க்கவும் வழியில்லை. செல்போன் இன்னும் அடிக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் அடிக்கும். அவள் மூச்சு கேட்கிறது, ஒரு பெரிய மூச்சு, கனமான எதையோ தூக்குவதற்கு முன்னால் விடுகிற மூச்சு. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுமே. இழுபடுகிற சத்தம் இல்லை. சர்ர் இல்லை. ஐயோ, என்ன ஆயிற்று, ஏன் இழுக்கவில்லை, இழுக்காமல் ஒரு கால் அந்தரத்தில் இருந்தால் என்ன சத்தம் கேட்கும், ஒரு சத்தமும் கேட்காது. பிறகு தொப்பென்று ஒரு பாதம் தரையில் பதிகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கத்தில். தூக்கிவிட்டாள். இடது காலைத் தூக்கிவிட்டாள். கண்ணாடிக் கதவு நகர்கிறது, வெளியே கொடியில் துணி படபடப்பது திடீரென்று கிட்டத்தில் கேட்கிறது, அரையடி இறக்கம், வலது கால், பிடித்துக்கொள், கதவைப் பிடித்துக்கொள், சொல்லவில்லை நான், நினைத்தேன் அவ்வளவுதான், வளையல் அலுமினியத்தில் உரசுகிறது. பிடித்துக்கொண்டாள்.

மூலைக்கு வந்துவிட்டேன். நாற்காலியின் முதுகைத் தொடுகிறேன், உட்காரவில்லை, உட்கார்ந்தால் அவள் பக்கம் திரும்ப வேண்டும், இன்னும் சித்த நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு இருக்கலாம், கண்ணில் தண்ணீர் வந்தால் சுவருக்கு மட்டும்தான் தெரியும். செல்போன் நின்றுவிட்டது. எடுத்துவிட்டாள். இடது கையாலா? வலது கையால்தான் கதவைப் பிடித்திருப்பாள்.

"அலோ. ஆமாங்க, அவரு நெம்பர்தானுங்க. நான் அவரு சம்சாரம் பேசறேன்." மேல்மூச்சு வாங்குகிறது, ஆனால் சிரிக்கிற குரல். "ஆளுங்களா? வேண்டாமுங்க. நாளைக்கு இல்லீங்க, எப்பவுமே வேண்டாமுங்க. நானே நடந்துக்கறேன்." அந்தப் பக்கம் அந்த அம்மா ஏதோ கேட்கிறார். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா என்று கேட்டிருப்பார்.

"அவருங்களா? இங்கதான் இருக்காருங்க. மூலையில நிக்கறாரு." என் முதுகில் அவள் பார்வை படுவது தெரிகிறது. "இல்லீங்க, ஒண்ணும் பண்ண மாட்டாரு."